சங்கம் கொடுக்கிற கார்டு இன்சூரன்ஸ் ஆகுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. மூலக்கடை பக்கம் ஒரு ஜிம்மில் எட்டு வருஷமா டிரெய்னரா இருக்கேன். காலையில் ஜிம், சாயங்காலம் பெரம்பூர், கொளத்தூர்னு வீட்டுக்கே போய் பி.டி. (ஒருத்தருக்குத் தனியா பயிற்சி). எங்க ஏரியா டிரெய்னர்கள் சுமார் 180 பேர் சேர்ந்த சங்கம் ஒண்ணு இருக்கு. இப்போ 'பயிற்சியாளர் இன்சூரன்ஸ் திட்டம்'னு தொடங்கியிருக்காங்க. சேர 500, அப்புறம் மாசம் 200. கிளையன்டுக்கு அடிபட்டு கேஸ் ஆனா 5 லட்சம் வரை சங்கம் கொடுக்கும்னு சொல்றாங்க. எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ்னு கூட்டத்தில் கேட்டேன். "கம்பெனிக்காரன் ஏமாத்துவான், இது நம்ம காசு, நம்மகிட்டயே இருக்கும்"னு பதில் வந்தது. செயலாளர்தான் எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த மாஸ்டர். சேரலைன்னா முகத்தைத் திருப்பிக்குவார். கார்டையும் விதிமுறையையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். சேரலாமா? பி.கு.: போன மாசம் ஒரு கிளையன்டுக்கு டெட்லிஃப்ட் பண்ணும்போது முதுகு பிடிச்சிக்கிச்சு. அவர் இதுவரை ஒண்ணும் சொல்லலை. அதுக்கும் இது உதவுமா?
வியாசர்பாடி வாசகர்

பதில்: தம்பி, அந்தப் பின்குறிப்புக்காகத்தான் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கார்டு.

மாதம் 200 ரூபாயை உதவி நிதி என்று நினைத்துக் கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள். இன்சூரன்ஸ் என்று நம்பிக் கொடுக்காதீர்கள், முக்கியமாக அதை நம்பி உண்மையான பாலிசி எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான், அதில் பாதிக்கு மேல் பொறுப்புக் காப்பீட்டு (நம்மால் அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கான காப்பீடு) க்ளெய்ம் மேசையில். அதனால் 'கம்பெனிக்காரி கம்பெனிக்குத்தானே பேசுவா' என்று உங்கள் மாஸ்டர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. முழுசாகப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். லேமினேட் பண்ணின கார்டு, முன்பக்கம் டம்பெல் படம், மஞ்சள் எழுத்தில் 'ரூ.5,00,000 காப்பீடு உறுதி'. அடியில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண். அதைப் பார்த்துத்தான் நிறைய பேர் 'கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு' என்று நம்பியிருப்பார்கள். அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கத்தைப் பதிவு செய்த எண். மனமகிழ் மன்றமும் குடியிருப்போர் நலச் சங்கமும் அதே சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்கின்றன. சங்கம் இருக்கிறது என்பதற்கு அது சான்று, இன்சூரன்ஸ் நடத்த அனுமதி அதில் கிடையாது. அந்த அனுமதி வேண்டுமென்றால் 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டப்படி இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவு வாங்க வேண்டும், பொதுக் காப்பீடு நடத்தக் குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும், கொடுக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற சொத்து, விதிப்படி தேவையான அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் 'இன்சூரன்ஸ்' என்று அச்சடித்துப் பணம் வாங்கினால் நாளைக்குச் சிக்கல் உங்களைவிட உங்கள் மாஸ்டருக்குத்தான். ரசீதில் கையெழுத்து அவருடையது.

அடுத்து விதிமுறை. விதி 9 இப்படிப் போகிறது: 'இழப்பீடு வழங்குவதும் அதன் அளவும் நிதி இருப்பைப் பொறுத்தது, நிர்வாகக் குழுவின் முடிவே இறுதியானது.' கார்டில் 'உறுதி', உள்ளே 'இருப்பைப் பொறுத்து'. இரண்டும் ஒரே காகிதத்தில் குடித்தனம் பண்ண முடியாது தம்பி. கேஸ் நடந்தால் கோர்ட்டு படிக்கப்போவது விதி 9-ஐத்தான். அதன்படி உங்களுக்கு உரிமை என்று எதுவும் இல்லை, கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். கமிட்டியில் ஏழு பேர். அவர்களில் ஒருவருக்கும் உங்களுக்கும் ஒரே கிளையன்டைப் பிடிப்பதில் பழைய தகராறு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 180 பேரும் ஒரு மாதம் தவறாமல் கட்டினால் (கட்டுவார்களா என்பது வேறு கதை) வருஷத்துக்கு 4,32,000. சேர்க்கைக் கட்டணம் 90,000. முதல் வருஷம் மொத்தம் 5,22,000. ஒரே ஒருவருக்கு 5 லட்சம் கொடுத்தால் மீதி 22,000. வக்கீல் ஃபீஸையும் இதிலிருந்தே கொடுப்பதென்றால் அதுவும் மிஞ்சாது. கார்டு வைத்திருக்கும் மற்ற 179 பேரும் அன்றைக்கு வெறும் பிளாஸ்டிக்கைப் பையில் வைத்துக்கொண்டு கிளையன்டுக்கு ஸ்குவாட் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சங்கம் கொடுத்திருக்கும் வாக்கை எல்லாம் கூட்டினால் 9 கோடி. எல்லாருக்கும் ஒரே வருஷத்தில் வராது, உண்மைதான், ஆனால் இரண்டு பேருக்கு வந்தாலே தாங்காதே.

நம் பக்கத்தில் எல்லாருக்கும் சீட்டுப் பழக்கம் உண்டு, அதனால் குழப்பம் வருகிறது. சீட்டில் எல்லாருக்கும் ஒருநாள் முறை வரும், சீட்டின் மொத்தத் தொகை எவ்வளவு என்பதும் முன்னாலேயே தெரியும். சங்கங்களில் இறப்பு நிதி வைத்திருப்பார்கள், ஆள் போன மறுநாள் காலையில் பத்தாயிரம் வீட்டுக்கு வந்துவிடும், அதுவும் நன்றாகவே நடக்கிறது, ஏனென்றால் தொகை சின்னது, முடிவானது, செத்தாரா இல்லையா என்பதில் வாக்குவாதம் கிடையாது. அடிபட்டதற்கு யார் பொறுப்பு என்கிற விஷயம் அப்படி இல்லை. முறை யாருக்கு வரும் என்று தெரியாது, எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது, எப்போது கேட்பார்கள் என்றும் தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சம்பவம் நடந்து இரண்டு வருஷம் வரை புகார் கொடுக்கலாம். புகார்க் கட்டணம், கிளையன்ட் உங்களுக்குக் கொடுத்த பணத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், கேட்கிற இழப்பீட்டை வைத்து இல்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அதாவது மாதம் 6,000 கொடுத்து பி.டி. எடுத்தவர் 10 லட்சம் கேட்டு, பைசா கட்டணம் இல்லாமல், வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நோட்டீஸ் கைக்கு வந்தால் 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. உங்கள் சங்கத்தின் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்று விதி 4-ல் இருக்கிறது.

சரி, 'நம்ம காசு நம்மகிட்ட' என்பதே தப்பான யோசனையா? இல்லை. இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 2017 ஜனவரி 28-ம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கும், எர்ணாவூர் கரையில் பசங்க பக்கெட்டில் அள்ளினார்களே. அந்த மாதிரி விபத்தில் கப்பல்காரர்கள் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் காப்பீடு தருவது கப்பல் முதலாளிகள் தாங்களே சேர்ந்து நடத்தும் கிளப்புகள்தான். லாபம் பார்க்கிற கம்பெனி இல்லை, உறுப்பினர்களே சொந்தக்காரர்கள். இதில் முதல் கிளப் இங்கிலாந்தில் 1855-ல் தொடங்கியது. ஆக, உங்கள் மாஸ்டர் சொன்னதை அவருக்கு 170 வருஷம் முன்னாலேயே கப்பல்காரர்கள் சொல்லி, செய்தும் காட்டிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? பெரிய கிளப்புகள் 12 தங்களுக்குள் கூட்டு வைத்திருக்கின்றன, ஒரு கிளப்பால் தாங்க முடியாத தொகையை மற்றவை பகிர்ந்துகொள்ளும். அதற்கும் மேலே போனால் மறுகாப்பீடு, அதாவது இன்சூரன்ஸுக்கே இன்சூரன்ஸ். அதையும் மீறிப் பணம் போதாவிட்டால், வருஷ நடுவில் ஒவ்வொரு உறுப்பினரும் கூடுதலாக இவ்வளவு கொண்டு வர வேண்டும் என்று கடிதம் வரும், வந்தால் கட்டியே ஆக வேண்டும், நான் இந்த வருஷம் யாரையும் மோதவில்லையே என்று தப்பிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: 'மாஸ்டர், நிதி பத்தலைன்னா ஆளுக்கு அஞ்சாயிரம் கூடுதலா கட்டணும்னு விதியில் சேர்க்கலாமா?' அந்த நிமிஷம் எத்தனை கை உயர்ந்தபடி நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் இன்சூரன்ஸின் உண்மையான பலம் அந்த எண்ணிக்கைதான்.

பிரிட்டனில் டாக்டர்களுக்கு 1885-லிருந்து மெடிக்கல் டிஃபென்ஸ் யூனியன் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் உறுப்பினர்கள் நடத்துவது. இது இன்சூரன்ஸ் இல்லை, உதவுவதா வேண்டாமா என்பது எங்கள் விருப்புரிமை என்று அவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். உங்கள் சங்கம் அந்த நேர்மையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டாலே போதும்.

'கம்பெனிக்காரன் ஏமாத்துவான்' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மேசையில் உட்கார்ந்து 'இல்லை' என்று எழுதியவளே நான்தான். ஒரு சின்ன ஜிம், முதலாளி நல்ல மனுஷன், பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (இடத்துக்கு வருகிறவர்களுக்கு அடிபட்டால் ஈடு தருவது) எல்லாம் ஒழுங்காக எடுத்திருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு அம்மா, டிரெட்மில்லில் வேகம் குறைவதற்கு முன்னால் காலை வைத்துக் கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்த் தன் கையிலிருந்து 40,000 கட்டினார், அந்த அம்மாவின் மகன் ஒரு வெள்ளைத் தாளை நீட்ட, 'முழுப் பொறுப்பும் எங்களுடையது, எல்லாச் செலவையும் ஏற்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எங்களுக்குச் சொன்னது இரண்டு மாதம் கழித்து. பாலிசியில் தெளிவாக ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் கொடுக்கவும் கூடாது. மேலதிகாரி அதைச் சுட்டிக்காட்டி மறுத்துவிடு என்றார், நான் மறுத்து எழுதினேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த முதலாளிக்கு மேலே போக வழி இருந்தது, போனார், வழக்கு நடத்திப் பாதித் தொகையை வாங்கவும் செய்தார். 'கமிட்டி முடிவே இறுதி' என்ற விதிக்குக் கையெழுத்து போட்டவர் எந்த வாசலில் போய் நிற்பது?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் ஜிம் ஓனரிடம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் சம்பளத்துக்கு இருக்கும் டிரெய்னர் மட்டுமா, உங்களைப் போல் பி.டி.யில் பங்கு வாங்குகிறவர்களும் உண்டா என்று பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும் கொளத்தூரில் ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில் நடப்பதை அது காப்பாற்றாது. அதற்கு உங்கள் பெயரிலேயே தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வேண்டும், புரொஃபெஷனல் இண்டெம்னிட்டி என்று கேளுங்கள். டாக்டர், ஆடிட்டர், இன்ஜினியருக்கெல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஜிம் டிரெய்னர் என்றால் சில கிளைகளில் முழிப்பார்கள், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள், லைசென்ஸ் உள்ள புரோக்கர் ஒருவரை இரண்டு மூன்று நிறுவனத்தில் விலை கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பயிற்சிச் சான்றிதழைக் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும்.

பாலிசி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியதில் முதல் விஷயம் தொழில் விவரம். 'ஜிம் பயிற்சியாளர்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, வாடிக்கையாளர் வீட்டிலும் பொது இடத்திலும் என்று எழுதி வாங்குங்கள். வக்கீல் செலவு பாலிசித் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள், பெரும்பாலும் உள்ளேதான், அப்படியென்றால் 5 லட்சத்துக்கு எடுத்தால் கையில் நிற்பது அதைவிடக் குறைவு. ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகை எவ்வளவு என்பதும் முக்கியம். இன்னொன்று, இந்த வகைப் பாலிசி பொதுவாக க்ளெய்ம் வருகிற நாளில் உயிரோடு இருக்க வேண்டும், சம்பவ நாளில் இருந்தால் மட்டும் போதாது, ஆகவே நடுவில் ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் பழைய வருஷங்களும் சேர்ந்தே போய்விடும். உடம்பை ஏற்றக் கொடுக்கும் பவுடர், ஊசி விஷயத்துக்குப் பொதுவாக எந்தப் பாலிசியும் வராது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, ஜிம் லாக்கரில் என்னென்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும், அதனால் சொல்கிறேன். கிளையன்டின் உயிர் போய்விட்டால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 106-ன்படி வருவது குற்ற வழக்கு, அதன் தண்டனையை எந்த இன்சூரன்ஸும் வாங்கிக்கொள்ளாது.

'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்குகிற ஃபாரத்தைப் பெரிசாக நம்பாதீர்கள். கவனக்குறைவு நிரூபணமானால் அந்தத் தாள் கேடயமாக நிற்காது. அதைவிட, சேரும்போது நெஞ்சு வலி உண்டா, தலை சுற்றுமா, மூட்டுத் தொந்தரவு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதி வாங்கின ஒரு பக்கம் உங்களை நூறு மடங்கு காப்பாற்றும்.

மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது? கூட்டத்தில் வேண்டாம். தனியாகப் போய், 'மாஸ்டர், கார்டில் இன்சூரன்ஸ்னு இருக்கிறதை உதவி நிதின்னு மாத்திடுங்க, அஞ்சு லட்சம் உறுதின்னு இருக்கிறதை அம்பதாயிரம் வரைன்னு போடுங்க, நாளைக்கு உங்க பேருக்கு ஒண்ணு வரக்கூடாது' என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 180 பேர் இருக்கிற சங்கம் ஒரு நிறுவனத்திடம் குழுப் பாலிசி கேட்கலாம், தனி ஆளைவிட மலிவாக வர வாய்ப்பு உண்டு, ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட சான்றிதழ் வரும். இன்சூரன்ஸுக்காகவே கூட்டிய குழுவாக இருக்கக் கூடாது என்பது விதி, உங்கள் சங்கம் அதற்கு முன்னாலிருந்தே இருப்பதால் பிரச்சினை இல்லை. உதவி நிதி, பாலிசியில் கைக்காசு போட வேண்டிய முதல் தொகைக்கும் முதல் வக்கீல் நோட்டீஸுக்கும் நிற்கட்டும். அதற்கு மாதம் 200 நல்ல காசுதான், நானே கட்டுவேன்.

இப்போது அந்த முதுகுவலிக்காரர். சங்கத் திட்டம் அவர் விஷயத்துக்கு உதவாது, சேர்வதற்கு முன் நடந்தது சேராது என்று விதி 7-லேயே இருக்கிறது, நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். இப்போது புதுசாக எடுக்கும் பாலிசியும் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த சம்பவத்துக்கு வராது. அதற்காக விண்ணப்பத்தில் 'க்ளெய்ம் ஆகக்கூடிய சம்பவம் ஏதாவது தெரியுமா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள், நாளைக்கு வேறு ஒருவர் கேஸ் போட்டாலும் இந்த ஒரு பொய்யைக் காட்டி மொத்தப் பாலிசியையும் தள்ளிவிடுவார்கள். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் முதலில் தேடியிருப்பேன்.

இன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, ராடில் எவ்வளவு வெயிட் இருந்தது, எத்தனையாவது செட், அதற்கு முந்தின வாரம் எவ்வளவு தூக்கினார், முதுகில் பழைய தொந்தரவு உண்டு என்று எப்போதாவது சொன்னாரா, பக்கத்தில் யார் இருந்தார்கள், வலிக்குது என்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள். உங்கள் மேல் தப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், இது வக்கீலுக்குக் காட்டத்தான், வேறு யாருக்கும் இல்லை. கேமரா இருந்தால் ஓனரிடம் சொல்லி அந்த நாளின் பதிவு அழியாமல் எடுத்து வையுங்கள், ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால் அழிந்தே போயிருக்கலாம், அதனால் நாளைக்குக் காலையிலேயே கேளுங்கள். அவருக்கு 'எல்லாம் நான் பாத்துக்கறேன் சார், என் தப்புதான்' என்று வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு எதுவும் அனுப்பாதீர்கள்.

அதற்காக அவர் கண்ணில் படாமல் ஒளியவும் வேண்டாம். ஒரு மாதமாக டிரெய்னர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்ற கோபத்திலேயே கோர்ட்டுக்குப் போன ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், எப்படி இருக்கிறார், ஸ்கேன் எடுத்தாரா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பில் பற்றி அவர் பேச்செடுத்தால், 'ஒருத்தரைக் கேட்டுட்டு ரெண்டு நாளில் சொல்றேன் சார்' என்று சொல்லிவிட்டு வாருங்கள், வந்து எனக்கு எழுதுங்கள்.